குடும்பத்தை நடத்துகிறவனும் சபையை விசாரிக்கிறவனும்: பிள்ளை வளர்ப்பு நமக்கு எதைக் கற்பிக்கிறது?

விதைப்பவன் எழுதியது:

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். 11 ஆண்டுகளாக ஒரு வேதபாடக் குழுவை நடத்தி வருகிறேன். எங்களுக்கு 9 வயதில் ஒரு மகளும் 5 வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். பிள்ளை வளர்ப்பைப் பற்றிக் குழுவில் பலமுறை போதித்திருக்கிறேன். பிள்ளை வளர்ப்பு எனக்கு எதைப் போதிக்கிறது என்று யோசித்தது குறைவு. அதைப் பற்றி உங்கள் கருத்துகளைக் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சென்ற வாரம் ஒரு மாலையில் என் மகள் பள்ளியிலிருந்து நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவர மறந்துவிட்டாள். அந்த வாரத்தில் அது இரண்டாவது முறை. பொறுப்பில்லை, கவனமில்லை என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். ஐந்து நிமிடம் கழித்து, குழுவைச் சேர்ந்த ஒரு சகோதரர் தொலைபேசியில் அழைத்து, தாம் எடுக்க வேண்டிய பாடத்தைத் தயாரிக்க மறந்துவிட்டதாகச் சொன்னார். அவருக்கும் அது முதல் முறை அன்று. "பரவாயில்லை சகோதரரே, நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்று கனிவாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மகள் அருகிலேயே நின்றிருந்தாள். கோபமோ குறும்போ இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாக, "அந்த மாமா மறந்தால் மட்டும் ஏன்ப்பா பரவாயில்லை?" என்று கேட்டாள்.

மாய்மாலக்காரன் என்று என்னையே கடிந்துகொண்டு, ஜெபித்துவிட்டு உறங்கியிருக்கலாம். ஆனால் அன்றிரவு வேறொரு கேள்வி உறுத்தியது. அந்தச் சகோதரரிடம் நான் காட்டியது கனிவுதானா? கடிந்துகொண்டால் அவர் குழுவை விட்டுப் போய்விடக்கூடும். போனால் அவருடைய வேலை என் தலையில் விழும், ஆட்களைத் தக்கவைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்ற பெயரும் வரும். மகளோ எங்கும் போக முடியாது. விலகிப் போகக்கூடியவரிடம் சாந்தத்தையும், விலகிப் போக வழியே இல்லாதவளிடம் கடுமையையும் காட்டுகிறேன் என்றால், ஆவியின் கனி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்தச் சாந்தத்தில் பாதி வெறும் கணக்குதான்.

1 தீமோத்தேயு 3:5-ல் பவுல், "ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?" என்று கேட்கிறார். தலைவர்களைத் தெரிந்தெடுப்பதற்கான ஒரு தகுதித் தேர்வு என்றே இந்த வசனத்தை இதுவரை வாசித்து வந்திருக்கிறேன். இப்போது சந்தேகம் வருகிறது. வீடு நாம் தேர்வு எழுதும் இடமா, பாடம் படிக்கும் இடமா?

மூத்தமேய்ப்பன் எழுதியது:

சகோதரர் விதைப்பவனுக்கு வாழ்த்துகள். ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்றவன் நான். என் பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் எடுத்துக் காட்டிய வசனத்தில் இரண்டு வினைச்சொற்கள் இருப்பதைக் கவனித்தீர்களா? குடும்பத்திற்கு 'நடத்த' என்று வருகிறது. சபைக்கு 'விசாரிப்பான்' என்று வருகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் அழகுக்காகச் சொல்லை மாற்றிவிடவில்லை. கிரேக்க மூலத்திலேயே இரண்டும் வெவ்வேறு சொற்கள். முதலாவது, முன்னின்று நடத்துதல், பொறுப்பேற்று நிற்றல் என்ற பொருளுடையது. இரண்டாவது, புதிய ஏற்பாடு முழுவதிலும் மூன்று இடங்களில் மட்டுமே வருகிறது: ஒன்று இந்த வசனம், மற்ற இரண்டும் லூக்கா 10-ல், நல்ல சமாரியன் உவமையில், 34 மற்றும் 35-ஆம் வசனங்களில் வருகின்றன. குற்றுயிராய்க் கிடந்தவனைச் சத்திரத்திற்குக் கொண்டுபோய்ப் பராமரித்த சமாரியன், மறுநாள் புறப்படும்போது சத்திரக்காரனிடம் "நீ இவனை விசாரித்துக்கொள்" என்கிறான். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் அங்கும் அதே 'விசாரி' என்ற சொல் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது.

இன்று 'விசாரணை' என்றவுடன் குற்றம் சாட்டப்பட்டவரைக் கேள்வி கேட்பதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனாலும் 'நலம் விசாரித்தல்' என்ற வழக்கு இன்னும் சாகவில்லை. சபைத் தலைவனுக்குப் பவுல் கொடுக்கும் வேலை அந்தச் சத்திரக்காரனுடைய வேலை: காயப்பட்டவன் தனக்குச் சொந்தமானவன் அல்லன், செலவுக்குப் பணம் கொடுத்தவர் வேறொருவர், அவர் திரும்பி வந்து கணக்குப் பார்ப்பார், அதுவரை இவனைக் கவனித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைப் பற்றியும் இதையே சொல்லலாம் என்று நினைக்கிறேன். நாற்பது ஆண்டுகளில் நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை, சத்திரக்காரனாகிய நான் என்னைச் சத்திரத்தின் சொந்தக்காரனாக நினைத்துக்கொண்டதால் வந்தவை.

உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில்: இரண்டும்தான். ஆனால் தேர்வு எழுதுகிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால், பாடம் படிப்பது நின்றுபோகிறது.

அடுப்பங்கரை எழுதியது:

மூத்தமேய்ப்பன் ஐயா எழுதியது மிகவும் பயனுள்ளதாக இருந்தது. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள அனுமதியுங்கள். குடும்பத்தை 'நடத்துவது' பற்றிப் பேசும்போது தகப்பன்மார் பேசுகிறார்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை இரவில் நான்கு முறை எழுந்து 'விசாரிப்பது' பெரும்பாலும் தாய்மார்தாம். பவுலுக்கு இது தெரியாததன்று. 1 தெசலோனிக்கேயர் 2-ஆம் அதிகாரத்தில் தம்முடைய ஊழியத்தை விவரிக்கும்போது, 7-ஆம் வசனத்தில் பால்கொடுக்கிற தாய்க்குத் தம்மை ஒப்பிட்ட பிறகுதான், 11-ஆம் வசனத்தில் தகப்பனுக்கு ஒப்பிடுகிறார். தலைமைத்துவத்தைப் பற்றிய பிரசங்கங்களில் 11-ஆம் வசனத்தைக் கேட்ட அளவுக்கு 7-ஆம் வசனத்தை நான் கேட்டதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் விசுவாசத்தைப் பற்றிய நல்ல உரையாடல்கள் எல்லாம் குடும்ப ஜெபத்துக்கு வெளியேதான் நடக்கின்றன. விளக்கை அணைத்த பிறகு, தூக்கம் வராத பிள்ளை, முகம் தெரியாத இருட்டில் கேட்கும் கேள்விகளே உண்மையான கேள்விகள். உபாகமம் 6:7, வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் படுத்துக்கொள்ளுகிறபோதும் எழுந்திருக்கிறபோதும் பேச வேண்டும் என்கிறது. இதை நாம் அனைவரும் மனப்பாடமாகச் சொல்வோம். அதே அதிகாரத்தின் 20, 21-ஆம் வசனங்களை அந்த அளவுக்கு யாரும் சொல்வதில்லை. நாளைக்கு உன் மகன் இந்தக் கட்டளைகள் எல்லாம் எதற்கு என்று கேட்டால், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மோசே அங்கே கற்றுக்கொடுக்கிறார். கட்டளைகளின் நன்மைகளைப் பட்டியலிடச் சொல்லவில்லை. "நாங்கள் எகிப்திலே அடிமைகளாயிருந்தோம்" என்று தொடங்கச் சொல்கிறார்.

பிள்ளை 'ஏன்' என்று கேட்டால், பெற்றோர் தங்கள் அடிமைத்தனத்தின் கதையைச் சொல்ல வேண்டும். நாமோ எப்போதும் கீழ்ப்படிந்தவர்களாகவும், சிறு வயதிலேயே வேதத்தை வாசித்து முடித்தவர்களாகவும் பிள்ளைகளுக்கு முன் நிற்கிறோம். என் மகன் ஒரு பொய்யில் அகப்பட்ட அன்று, அவனுடைய வயதில் நான் சொன்ன ஒரு பொய்யையும், அதை மறைக்க மேலும் மூன்று பொய்களைச் சொன்னதையும் அவனுக்குச் சொன்னேன். அவன் முதலில் கேட்டது, "நீங்கள் அகப்பட்டீர்களா அம்மா?" என்பதுதான். அகப்படவில்லை என்றேன். நெடுநேரம் கழித்து, "அது இன்னும் கஷ்டமல்லவா?" என்றான். நான் தயாரித்து வைத்திருந்த எந்தப் போதனையிலும் அந்த வாக்கியம் இல்லை.

கூடாரத்தொழிலாளி எழுதியது:

இழையின் போக்கைக் குலைப்பதற்காக அல்லாமல், மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் திருமணம் ஆகாதவன். வாலிபர் ஐக்கியத்தில் பொறுப்பில் இருக்கிறேன். பிள்ளை வளர்ப்புதான் தலைமையின் பள்ளிக்கூடம் என்றால், அந்தப் பள்ளியில் சேராதவர்களின் நிலை என்ன? நம் ஆண்டவருக்குப் பிள்ளைகள் இல்லை. தாம் திருமணமின்றி வாழ்வதை 1 கொரிந்தியர் 7-ல் வெளிப்படையாக எழுதிய பவுல்தான், உபாத்தியாயர்கள் பதினாயிரம் பேர் இருந்தாலும் தகப்பன்மார் அநேகர் இல்லை என்று அதே நிருபத்தின் 4:15-ல் எழுதுகிறார். "உங்களுக்கும் ஒரு குடும்பம் வந்தால் புரியும், தம்பி" என்ற வாக்கியத்தோடு எத்தனையோ கலந்தாலோசனைகளில் என் கருத்துகள் முடித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

இதைவிடப் பெரிய தடையும் ஒன்று உண்டு. சபையில் இருப்பவர்கள் தலைவனுடைய பிள்ளைகள் அல்லர். வளர்ந்தவர்கள், வேதத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள், பரிசுத்த ஆவியைப் பெற்றவர்கள். மத்தேயு 23:9-ல், பூமியிலே ஒருவனையும் உங்கள் பிதா என்று சொல்லாதிருங்கள் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். 'நான் உங்கள் ஆவிக்குரிய தகப்பன்' என்று சொல்லிக்கொண்டு, யாரை மணக்க வேண்டும், எந்த வேலையை ஏற்க வேண்டும் என்பது வரை தீர்மானிக்கும் தலைவர்களை நாம் பார்த்ததில்லையா? வீட்டுத் தகப்பனின் அதிகாரத்தை அப்படியே சபைக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது அதுதான். வீட்டிலிருந்து சபைக்கு எதை எடுத்துவர வேண்டும் என்று பேசுகிறோம். எதை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பதையும் பேச வேண்டாமா?

விதைப்பவன் எழுதியது:

தம்பி கூடாரத்தொழிலாளி, நீங்கள் சொன்ன அந்த வாக்கியத்தை நானும் யாரிடமோ சொல்லியிருக்கிறேன். வருந்துகிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரு பதில் முயற்சி. பிள்ளை வளர்ப்பில் எனக்குப் புதிதாக விளங்கிய ஒன்று, அந்த வேலை குறைந்துகொண்டே போவதற்காகவே ஏற்பட்டது என்பது. இரண்டு வயதில் பொத்தானை நான் மாட்டிவிட்டேன்; நான்கு வயதில் அவள் கோணலாக மாட்டுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்; இப்போது பார்க்கக்கூட வேண்டியதில்லை. இருபது வயதிலும் நானே மாட்டிவிடுவேன் என்று நின்றால், அதை எவரும் அன்பு என்று சொல்லமாட்டார்கள். எபேசியர் 4-ஆம் அதிகாரம், சபைக்குத் தலைவர்கள் கொடுக்கப்பட்டதன் நோக்கத்தைச் சொல்லும்போது, 14-ஆம் வசனத்தில் "நாம் இனிக் குழந்தைகளாயிராமல்" என்கிறது. ஆகவே நீங்கள் குறிப்பிட்ட தலைவர்களின் பிழை, தகப்பனைப் போல் நடந்துகொண்டதில் இல்லை. பிள்ளை வளர்வதை விரும்பாத தகப்பனைப் போல் நடந்துகொண்டதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் என் குழுவில் 11 ஆண்டுகளாக நானே பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பதையும், மறந்துவிட்ட அந்தச் சகோதரரிடம் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று உடனே சொன்னதையும் இதை எழுதும்போதே நினைத்துக்கொள்கிறேன். பொத்தானை இன்னும் மாட்டிவிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் போலும்.

நேர்கோடு எழுதியது:

அனுபவங்கள் போதும், வசனத்துக்கு வருவோம். நீதிமொழிகள் 22:6 தெளிவாக இருக்கிறது: நடக்க வேண்டிய வழியில் பிள்ளையை நடத்தினால், அவன் முதிர்வயதிலும் அதை விடமாட்டான். தீத்து 1:6 மூப்பனுடைய பிள்ளைகள் விசுவாசமுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. பிள்ளை விலகிப் போயிருந்தால் வளர்ப்பில் எங்கோ பிழை இருக்கிறது. அத்தகைய தலைவர் பொறுப்பிலிருந்து விலக வேண்டும். நீதிமொழிகள் 13:24 சொல்லும் பிரம்பை நாம் கைவிட்டதன் விளைவுதான் இன்றைய தலைமுறை. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

நெறியாளர் எழுதியது:

அடிப்பது சரியா தவறா என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே தலைமையோடு தொடர்புள்ள அளவுக்கு மட்டும் அதைத் தொட வேண்டுகிறேன்.

மூத்தமேய்ப்பன் எழுதியது:

நெறியாளரின் வரம்புக்குள் நின்று ஒரு சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எபேசியர் 6:4 பிள்ளைகளைச் 'சிட்சையிலும்' போதனையிலும் வளர்க்கச் சொல்கிறது. 'சிட்சை' வடமொழியிலிருந்து வந்தது; அங்கே அதன் முதற்பொருள் கல்வி, பயிற்சி. தமிழுக்கு வந்த பிறகு காலப்போக்கில் தண்டனை என்ற பொருளே ஓங்கி நின்றுவிட்டது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லும் அப்படித்தான்: ஒரு சிறுவனை மனிதனாக வளர்த்தெடுக்கும் முழுப் பயிற்சியையும் குறிப்பது, கண்டிப்பு அதில் ஒரு பகுதி. எபிரேயர் 12-ல் வலியோடு கூடிய கண்டிப்பையும் அது குறிக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் எபேசியர் 6:4-ன் முதல் பாதி, பிதாக்களே, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்பது. ரோமச் சட்டம் குடும்பத் தலைவனுக்குத் தன் பிள்ளைகளின் உயிர்மீதே அதிகாரம் கொடுத்திருந்த உலகில் இது எழுதப்பட்டது. கோபப்படத் தகப்பனுக்கு உரிமை உண்டு என்று எவரும் அவனுக்குச் சொல்லத் தேவையில்லாத காலத்தில், பிள்ளைக்கும் கோபம் வரும், அதற்குத் தகப்பன் பொறுப்பாளியாக இருக்கக்கூடும் என்று பவுல் எழுதுகிறார். கொலோசெயர் 3:21 ஒரு படி மேலே போய், பிள்ளையின் மனம் தளர்ந்துவிடும் என்று காரணமும் சொல்கிறது. சபையில் மனம் தளர்ந்து போனவர்களைப் பார்க்கும்போதெல்லாம், அவர்களுடைய விசுவாசக் குறைவை ஆராய்வதற்கு முன் இந்த வசனத்தை நான் வாசித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

எண்ணெய்க்குடம் எழுதியது:

நேர்கோடு அவர்கள் குறிப்பிடும் நிலையில் இருப்பவன் நான். என் மூத்த மகன் விசுவாசத்தை விட்டுவிட்டான். அன்பாகப் பேசுகிறான், எங்களை வந்து பார்க்கிறான், ஆனால் தான் இனி நம்பவில்லை என்கிறான். நான் மூப்பர் பொறுப்பிலிருந்து விலகினேன். யாரும் விலகச் சொல்லவில்லை. விலகாதே என்று யாரும் தடுக்கவும் இல்லை. தீத்து 1:6-ஐ நான் இலேசாக எடுத்துக்கொள்கிறேன் என்று நீங்கள் எண்ணக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆனால் நீதிமொழிகள் 22:6-ஐ வாக்குத்தத்தமாக வாசிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அது மகனை இழந்த வேதனையில் நான் கண்டுபிடித்த சாக்கும் அன்று. நீதிமொழிகள் 26-ன் 4-ஆம் வசனம் மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் சொல்லாதே என்கிறது. 5-ஆம் வசனம் சொல் என்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஏனென்றால் இவை வாழ்க்கையின் பொதுவான போக்கைச் சொல்லும் ஞானவாக்குகள், ஒப்பந்தங்கள் அல்ல. பிள்ளை விலகினால் வளர்ப்பில் பிழை என்பது மாறாத விதியாக இருந்தால், ஏசாயா 1:2-ஐ என்ன செய்வது? "நான் பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன், அவர்களோ எனக்கு விரோதமாய்க் கலகம்பண்ணினார்கள்" என்று அங்கே சொல்லுகிறவர் யார்?

ஆசாரியனாகிய ஏலியையும் தீர்க்கதரிசியாகிய சாமுவேலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இருவருடைய பிள்ளைகளும் கெட்டுப்போனார்கள். ஏலியின்மேல் கர்த்தர் வைத்த குற்றச்சாட்டு 1 சாமுவேல் 3:13-ல் இருக்கிறது: தன் குமாரர் செய்த அக்கிரமத்தை அறிந்திருந்தும் அவர்களை அடக்கவில்லை என்பது. அதற்கு முந்தைய அதிகாரத்தின் 29-ஆம் வசனத்தில், கர்த்தரைவிடத் தன் குமாரரை மதித்து, காணிக்கையில் சிறந்ததைக் கொண்டு அவர்களோடுகூடக் கொழுத்தான் என்றும் வருகிறது. அதாவது பிள்ளைகள் பொறுப்பில் இருந்துகொண்டு மக்களைச் சுரண்டியபோது, அதைத் தெரிந்துகொண்டே அதில் பங்கும் பெற்றான். சாமுவேலின் குமாரராகிய யோவேலும் அபியாவும் பரிதானம் வாங்கினார்கள் என்று 8-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆனால் அதற்காகச் சாமுவேலைக் கர்த்தர் கடிந்துகொண்டதாக வேதத்தில் எங்கும் எழுதப்படவில்லை. பிள்ளை எந்த வழியைத் தெரிந்துகொண்டான் என்பதற்கும், அவன் பிறருக்குத் தீங்கு செய்யும்போது தலைவன் என்ன செய்தான் என்பதற்கும் இடையே வேதம் ஒரு கோடு போடுகிறது என்று எனக்குத் தெரிகிறது.

தாவீது ராஜாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. தன் மகள் தாமாருக்குத் தன் மகன் அம்னோன் செய்த கொடுமையைக் கேட்டபோது தாவீது மிகவும் கோபம்கொண்டான் என்று 2 சாமுவேல் 13:21 சொல்கிறது. அந்தக் கோபம் எதையும் செய்யவில்லை. இரண்டு ஆண்டுகள் காத்திருந்த தாமாரின் சகோதரன் அப்சலோம் அம்னோனைக் கொன்றான். பின்னர் எருசலேமுக்குத் திரும்பிய அப்சலோம், இரண்டு ஆண்டுகள் ராஜாவின் முகத்தைக் காணாமலே அங்கே குடியிருந்தான், அது 14:28. கடைசியாக 1 இராஜாக்கள் 1:6-ல், தாவீதின் இன்னொரு மகன் அதோனியா தன்னை உயர்த்திக்கொண்ட இடத்தில், அவனுடைய தகப்பன் 'நீ ஏன் இப்படிச் செய்தாய்' என்று அவனை ஒருபோதும் கேட்டதில்லை என்ற குறிப்பு வருகிறது. தாவீது பிள்ளைகளை அடித்தானா, அடிக்கவில்லையா என்பது பற்றி வேதத்தில் ஒன்றும் இல்லை. அவன் 'ஏன்' என்று கேட்கவில்லை என்பதை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

என் மகனிடம் அந்தக் கேள்வியை நான் கேட்டது, அவன் விலகி ஓராண்டு கழித்து. அதுவரை அவனுக்குப் பதில்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன்: பிரசங்கங்கள், புத்தகங்கள், மற்றவர்களின் சாட்சிகள். கேட்டபோது மூன்று மணி நேரம் பேசினான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் என்னிடம் இருக்கவும் இல்லை. அதற்குப் பிறகுதான் அடிக்கடி வரத் தொடங்கினான். இன்னும் நம்பவில்லை.

நேர்கோடு எழுதியது:

சகோதரரே, உங்கள் நிலையை அறியாமல் எழுதிவிட்டேன். தீத்து 1:6 பற்றிய என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அதைச் சொன்ன விதத்துக்காக மன்னிக்கக் கேட்கிறேன். ஏலி, சாமுவேல் ஒப்பீட்டை மீண்டும் வாசிப்பேன்.

அடுப்பங்கரை எழுதியது:

எண்ணெய்க்குடம் அண்ணன் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி ஒன்று நினைவுக்கு வந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா வெஸ்லி 19 பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனார்கள். எஞ்சிய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, தனியாக உட்கார்ந்து பேசினார். ஜானுக்குரியது வியாழக்கிழமை. வளர்ந்து பெரியவரான பிறகும், அந்த வியாழக்கிழமை மாலையின் நினைவைத் தாயாருக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஏக்கத்தோடு குறிப்பிட்டார். பிள்ளையின் சுயசித்தத்தை முதலில் அடக்கிவிட வேண்டும் என்று அந்த அம்மையார் எழுதியதை என்னால் ஏற்க முடிவதில்லை. ஆயினும் இத்தனை பிள்ளைகள் நடுவில் ஒருத்தனுக்கு ஒரு மாலை என்று வைத்துக்கொண்டது, பெரிய கூட்டங்களை நடத்துகிற எந்தத் தலைவரையும் வெட்கப்படுத்தக்கூடியது. கூட்டத்தில் பேசும்போது பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தலையாட்டுகிறார்கள். தனியாக உட்கார்ந்தால்தான் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பயம் இருப்பது தெரிகிறது.

போதகர்வீட்டுப்பிள்ளை எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் பெற்றோரின் பக்கத்திலிருந்தே எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு போதகரின் பிள்ளையாக வளர்ந்தவள். தலைவன் தன் பிள்ளைகளைக் கீழ்ப்படியப்பண்ணுகிறவனாக இருக்க வேண்டும் என்னும் 1 தீமோத்தேயு 3:4 எங்கள் வீட்டில் எப்படி ஒலித்தது என்று சொல்ல விரும்புகிறேன். அப்பாவின் தகுதி எங்கள் நடத்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஆராதனையில் கொட்டாவி விட்டால் அது அப்பாவின் ஊழியத்துக்கு இழுக்கு. தேர்வில் மதிப்பெண் குறைந்தால் சபைக்குத் தெரிந்துவிடுமே என்ற கவலைதான் முதலில் வந்தது. எனக்கு ஏன் கணக்கு வரவில்லை என்ற கவலை பிறகு வந்தது. வீடு தேர்வு எழுதும் இடமா என்று முதல் பதிவில் ஒரு கேள்வி இருந்தது. ஆம், தேர்வுதான். ஆனால் எழுதியவர்கள் நாங்கள். மதிப்பெண் மட்டும் அப்பாவுக்குப் போனது.

இன்னொன்று, பிரசங்க உதாரணங்கள். எனக்கு எட்டு வயதில் நடந்த, நான் மிகவும் வெட்கப்பட்ட ஒரு காரியத்தை, தேவன் நம்மை எப்படிப் பொறுத்துக்கொள்கிறார் என்பதற்கு எடுத்துக்காட்டாக அப்பா பிரசங்கத்தில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கருத்து நல்ல கருத்துதான். அதன்பிறகு பல ஆண்டுகள், அப்பாவிடம் எதைச் சொல்வதற்கு முன்பும், இது எந்த ஞாயிறு வெளியே வரும் என்று யோசித்தேன்.

எனக்கு இருபது வயதானபோது ஒரு நாள் அப்பா என்னிடம் வந்து, அந்தக் காரியத்தைப் பெயரிட்டுச் சொல்லி, அது தவறு என்றார். 'உன் மனம் புண்பட்டிருந்தால்' என்று தொடங்கவில்லை. 'நான் உன்னைப் பயன்படுத்திக்கொண்டேன்' என்றார். அதற்கு அடுத்த ஞாயிறு அவர் பிரசங்கம் செய்தபோது, மன்னிப்பைப் பற்றிய இந்த நிகழ்ச்சியையும் சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. அவர் இறக்கும்வரை எங்கும் சொல்லவில்லை. நான் இன்று விசுவாசத்தில் நிற்பதற்குக் காரணம் கேட்டால், அந்த மன்னிப்பைவிட, அவர் அதைச் சொல்லாமல் வைத்திருந்ததைத்தான் குறிப்பிடுவேன்.

ஆகவே சகோதரர் விதைப்பவனிடம் மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். உங்கள் மகளின் நோட்டுப் புத்தகத்தைப் பற்றி இங்கே எழுதுவதற்கு முன் அவளிடம் கேட்டீர்களா?

கூடாரத்தொழிலாளி எழுதியது:

வீட்டு வாசலில் எதை விட்டுவிட வேண்டும் என்று நான் கேட்ட கேள்விக்கு, இதைவிட நல்ல பதிலை எதிர்பார்க்கவில்லை. வாலிபர்கள் என்னிடம் தனியாகச் சொன்னவற்றை, பெயரை மாற்றித்தானே சொல்கிறேன் என்ற துணிவில், ஜெபக்குறிப்புகளாக நான் வாசித்ததுண்டு. பெயரை மாற்றினாலும், அதைச் சொன்னவனுக்குத் தன் கதை தெரியும்.

விதைப்பவன் எழுதியது:

கேட்கவில்லை. உங்கள் கேள்வியை வாசித்த பிறகு இரண்டு நாள் இங்கே வரவே கூச்சமாக இருந்தது. முதல் பதிவை நீக்கிவிடலாமா என்று நெறியாளரிடமும் கேட்டேன். நேற்று மாலை, அதைத் தீர்மானிக்க வேண்டியவள் வேறொருத்தி என்று தோன்றியதால், மகளை உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். தான் யார் என்று எவருக்கும் தெரியாதல்லவா என்று முதலில் உறுதிப்படுத்திக்கொண்டாள். பிறகு நான் எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டச் சொன்னாள். விலகிப் போகக்கூடியவர், விலகிப் போக முடியாதவள் என்ற இடம் வந்தபோது என் குரல் சரியாக இல்லை. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, அல்லது கவனித்தும் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

வாசித்து முடித்ததும், இதை நீக்க வேண்டாம், ஆனால் ஒரு தவறைத் திருத்த வேண்டும் என்றாள். முதல் பதிவில் நான் எழுதிய இடத்திலேயே பிழை இருக்கிறதாம். இரண்டு முறையும் அவள் நோட்டுப் புத்தகத்தை மறக்கவில்லை. உடல்நலமில்லாமல் பல நாள் பள்ளிக்கு வராத ஒரு சிநேகிதி எழுதிக்கொள்வதற்காகக் கொடுத்திருக்கிறாள். இதை ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள் கேட்கவே இல்லையேப்பா" என்றாள்.

திருத்தத்தை அவள் சொன்னபடியே இங்கே பதிந்துவிட்டேன்.